விம்பிள்டனும் நம் தோட்டத்து டென்னிஸ் கோர்ட்டும்

விழாவுக்குத் தலைமை தாங்கும் பாடசாலை அதிபர் ஐயா அவர்களே, பிரதேச செயலகத்திலிருந்து வந்திருக்கும் அதிகாரிகளே, மழையையும் பார்க்காமல் நடந்தே வந்த கோயில் குருக்கள் ஐயா அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே வந்து உட்கார்ந்திருக்கும் அக்காமாரே, இளைஞர் மன்றத்துத் தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம். எனக்குப் பொன்னாடை போர்த்திய மன்றத் தலைவர் இந்த மைக் செட்டுக்காக இன்று மட்டும் மூன்று தடவை பொகவந்தலாவை டவுனுக்குப் போய் வந்திருக்கிறார். அவருக்குத் தனியாக ஒரு நன்றி. இடையில் புறப்பட வேண்டும் என்று சொன்ன தோட்டத்து வைத்தியர் ஐயா இன்னும் இருக்கிறார். அவருக்கும் நன்றி.

‘விம்பிள்டன் ஆண்கள் ஒற்றையர்’ என்று, லண்டனில் வருஷா வருஷம் நடக்கும் டென்னிஸ் போட்டியை எனக்குத் தலைப்பாகக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று விஷயம் பேசுவேன். போட்டி எப்படி நடக்கிறது, அதில் ஓர் ஆட்டத்தின் கதை, டென்னிஸ் ஆடினால் பிள்ளைகளின் உடம்புக்கு என்ன நன்மை. மூன்றையும் கட்டிப்போடும் கயிறு என் பாட்டி சொன்ன பழமொழி: எறும்பு ஊரக் கல்லும் தேயும்.

லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் துரை நம் நாட்டின் முதல் தேயிலைத் தோட்டத்தைப் போட்டது 1867இல். விம்பிள்டன் தொடங்கியது 1877இல். நம் தேயிலைக்கு அது பத்து வயது இளையது. அந்த முதல் வருஷம் ஆண்கள் ஒற்றையர் மட்டும்தான், வந்தவர்கள் 22 பேர். இன்று 128 பேர். தோற்றால் வீடு. ஏழு ஆட்டம் ஜெயித்தவன்தான் சாம்பியன். பல கேம் சேர்ந்தது ஒரு செட். ஒவ்வோர் ஆட்டத்திலும் ஐந்து செட்டில் மூன்றை எடுக்க வேண்டும். அந்த 128 பேரில் 16 பேர், அதற்கு முன்பே தகுதிச் சுற்றில் மூன்று ஆட்டம் ஜெயித்து உள்ளே வருகிறவர்கள். நம் தமிழர் ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 இரண்டு வருஷமும் அரையிறுதி வரை போனார். இதைப் பிள்ளைகள் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, கதைக்கு வருகிறேன்.

2010 ஜூன். எங்கள் லயத்து வரிசை வீட்டில் அப்போது ஒரு பழைய டீவி. என் அப்பா, இதோ முன்வரிசையில் கம்பளித் தொப்பியோடு இருக்கிறாரே அவர்தான், அதன் முன்னால் பலகையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அமெரிக்காவின் ஜோன் இஸ்னரும் பிரான்சின் நிக்கோலா மஹுவும் ஆடுகிறார்கள். மஹு தகுதிச் சுற்றில் தேறி வந்தவர். அங்கேயே ஒரு செட்டை 24-22 என்று எடுத்தவர். முதல் நாள் ஆளுக்கு இரண்டு செட்டோடு இருட்டிவிட்டது. மறுநாள் நம் நேரப்படி மாலை ஆறரைக்குத் தொடங்கினார்கள். அப்போது கடைசி செட்டுக்கு டைபிரேக், அதாவது சமநிலையைச் சீக்கிரம் முடித்துவைக்கும் ஆட்டம், கிடையாது, இரண்டு கேம் வித்தியாசம் வர வேண்டும். 20-20. அம்மா சோறு போட்டு வைத்தார், அப்பா திரும்பவில்லை. 47-47இல் அங்கே ஸ்கோர் போர்டே நின்றுபோனது, அதற்கு மேல் எண்ண அதற்குத் தெரியவில்லை. இரவு ஒன்றரை மணிக்கும் மேல் 59-59இல் நிறுத்தினார்கள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்குப் போக வேண்டியவர், படுக்கவே இல்லை.

நான் கேட்டேன், “அப்பா, யார் ஜெயிப்பான்?” அவர் சொன்னார், “நான் அவனுகளப் பாக்கலடா. அந்தப் பந்து எடுக்கிற பசங்களப் பாரு. எவ்வளவு நேரமா நிக்கிறானுக!”

அப்போதுதான் சொன்னார். ஐம்பதுகளின் கடைசியில், பத்து வயதில், துரைமார் கிளப்பில் அவர் பந்து எடுக்கிற பையன். பந்தை எறியக் கூடாது, உருட்ட வேண்டும். துரை கையை நீட்டினால் ஒரே குதியில் அந்தக் கைக்குப் போக வேண்டும். ஒரு நாள் பந்து கீழே தேயிலைச் செடிக்குள் விழுந்துவிட்டது. இருட்டும்வரை தேடினார். காலெல்லாம் அட்டை. கண்டெடுத்து மேலே வந்தால் கேட்டைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அந்தப் பந்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, மயிர் நனைந்திருந்ததால் அடுப்பு மேட்டில் காயவைத்து, விடிந்ததும் கொண்டுபோய்க் கொடுத்தார். பந்தைத் திருடினாய் என்று அந்த வாரத்துக் காசைக் கொடுக்கவில்லை. ராக்கெட்டை ஒரு தடவைகூடக் கையில் பிடித்ததில்லை என்றார்.

மூன்றாம் நாள் இஸ்னர் 70-68 என்று ஜெயித்தார். மொத்தம் 11 மணி 5 நிமிஷம், 183 கேம். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பதை நான் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். மஹுவுக்கும் சேர்த்து அப்பா கை தட்டினார்.

மூன்றாவது விஷயத்தை வைத்தியர் ஐயா என்னைவிட நன்றாகச் சொல்வார், அவரிடம் விடுகிறேன். எனக்கு அதைவிட அவசரமான ஒன்று இருக்கிறது.

2025 ஜூலை 13ஆம் திகதி விம்பிள்டனில் அல்கராஸை வென்றாரே யானிக் சின்னர், அவர் எந்த ஊர்? இத்தாலியின் வடக்கு மூலையில் ஒரு மலைக் கிராமம். ஏறத்தாழ நம் ஹட்டன் உயரம். அந்த நாட்டில் சிறுபான்மை மொழி பேசுகிற ஊர். அப்பா மலை விடுதியில் சமையல்காரர், அம்மா அங்கேயே பரிமாறினவர். மலையில் பிறந்த, வேலைக்காரர் வீட்டுப் பிள்ளை. அந்தப் பிள்ளைக்கு ஆட ஒரு கோர்ட் இருந்தது. நம் பிள்ளைக்கு?

இருக்கிறது! அப்பா பந்து எடுத்த அதே கோர்ட், மேல் மலையில், பூட்டிய கேட்டுக்குப் பின்னால். நெட் கம்பம் துருப்பிடித்து நிற்கிறது, கோடு போட்ட இடத்தில் மானா புல். ஒற்றையர் கோர்ட் 78 அடி நீளம், 27 அடி அகலம். நம் 10க்கு 12 அடி லயக் காம்பரா பதினேழு அதில் அடங்கும். அவ்வளவு இடம் சும்மா கிடக்க, நம் பிள்ளைகள் பிரட்டுக்களத்தில் பலகை மட்டையால் அடிக்கிறார்கள், பந்து தண்ணீர் ஓடும் கானுக்குள் போகிறது.

நாங்கள் நிலத்தை எழுதிக் கேட்கவில்லை. சனி, ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் கேட்டைத் திறந்துவிடுங்கள் என்றுதான் கேட்கிறோம். புல் வெட்ட ஆள் நாங்கள் தருகிறோம், கோடு போடச் சுண்ணாம்பும் நாங்களே. மூன்று கடிதம் போட்டோம். ஒன்றுக்குப் பதில் வந்தது, பரிசீலிக்கிறோம் என்று. பரவாயில்லை, எறும்பு ஊரக் கல்லும் தேயும். நாலாவது கடிதம் தயார். அதிகாரி ஐயாமார் இங்கே இருக்கும்போதே கையில் கொடுக்கப் போகிறோம்.

மேடைக்கு வலப்பக்கம் மேசையில் மனு இருக்கிறது, பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறோம். எழுத வராதவர்களுக்கு மைப்பெட்டியும் உண்டு. வரிசையில் வாருங்கள். முதலில் அப்பா வருவார். தம்பி, அவர் கையைக் கொஞ்சம் பிடித்துக்கொள், படி ஈரமாக இருக்கிறது.