நொறுக்கிய இசைத்தட்டு

அனைவருக்கும் வணக்கம். ஹங்கேரிய ராக் பாடகி என்று நோட்டீசில் போட்டிருந்ததைப் பார்த்து, தோல் சட்டையும் காதைப் பிளக்கும் கிதாருமாக ஒருவரை எதிர்பார்த்து வந்திருந்தால் மன்னிக்கவும். கொன்ட்ஸ் ஜுஜா அப்படிப்பட்டவர் அல்ல. மேடையில் நின்ற இடத்திலேயே நிற்பார். ஒரு சொல்லும் சிதையாமல், பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற மாதிரி பாடுவார். அந்தக் குரலில் வந்த ஒரு இசைத்தட்டைத்தான் 1973இல் ஹங்கேரிய அரசு கடைகளிலிருந்து திரும்ப எடுத்து நொறுக்கிப் போட்டது.

முதலில் பெயர். கொன்ட்ஸ் குடும்பப் பெயர், ஜுஜா அவருடைய பெயர். நாம் இனிஷியலை முன்னால் போடுகிற மாதிரி அவர்களும் குடும்பப் பெயரைத்தான் முன்னால் வைப்பார்கள். 1946 மார்ச் 7ஆம் தேதி பிறந்தார். ஊர்ப் பெயரை அவர்கள் உச்சரிக்கிறபடி தமிழில் எழுதினால் ‘பேய்’ என்று வருகிறது. சிரிக்காதீர்கள், ஹெவெஷ் மாவட்டத்துச் சின்ன கிராமம் அது. 1962இல் தொலைக்காட்சியில் நடந்த திறமைப் போட்டி ஒன்றில் தோழியோடு சேர்ந்து பாடியபோது அவருக்கு வயது 16. ராக் என்ற சொல்லே அங்கே அப்போது புழக்கத்தில் இல்லை. ‘பீட்’ இசை என்பார்கள். அந்த அலையில் எழுந்த பெரிய குழு இல்லேஷ். லண்டனிலிருந்து வந்த தாளத்தை ஹங்கேரிய நாட்டுப்புற மெட்டோடு கலந்து, தாய்மொழியிலேயே பாட்டு எழுதிய பையன்கள். ஜுஜாவுக்குப் பக்கபலமாக வாசித்ததும் அவர்கள்தான். அவர்களில் புரோதி யானோஷ் என்பவர் பாடலாசிரியர். 1946 ஏப்ரல் 5 பிறப்பு. இருவருக்கும் ஒரு மாத வித்தியாசம்கூட இல்லை.

இந்த வயதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1956 நவம்பர் 4ஆம் தேதி சோவியத் டாங்கிகள் புடாபெஸ்ட் தெருக்களில் புகுந்து, சோவியத் ஆதரவு ஆட்சிக்கு எதிராக எழுந்த புரட்சியை நசுக்கியபோது இரண்டு பேருக்கும் பத்து வயது. பத்து வயதுப் பிள்ளைக்கு எல்லாம் நினைவிருக்கும். ஆனால் அதைப் பற்றி வெளியே பேசக்கூடாது என்பதும் நன்றாகத் தெரியும்.

அப்புறம் ஆட்சிக்கு வந்த காடார் யானோஷ் கெட்டிக்காரர். எல்லாவற்றையும் ஒரேயடியாக அடைக்கவில்லை. கலைக்கு மூன்று ‘டி’ என்று ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். அவர்கள் மொழியில் மூன்று சொல்லும் அந்த எழுத்தில் தொடங்கும். நான் தமிழில் இப்படி வைத்துக்கொள்கிறேன்: ஆதரவு, அனுசரிப்பு, அனுமதியில்லை. வேடிக்கை என்னவென்றால், எது எந்தப் பெட்டியில் விழும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. நேற்றுவரை அனுசரித்தது இன்று தடையாகலாம். லண்டன் போன இல்லேஷ் குழுவினர் பிபிசியின் ஹங்கேரியப் பிரிவுக்குக் கொஞ்சம் மனம்விட்டுப் பேசிவிட்டார்கள். விளைவு, 1970இல் வானொலி கிடையாது, தொலைக்காட்சி கிடையாது. இசைத்தட்டு வெளியிட நாட்டில் இருந்ததோ ஒரே நிறுவனம், அதுவும் அரசாங்கத்துடையது. வேறு கதவைத் தட்ட வழியில்லை.

சரி, 1973க்கு வருவோம். ஜுஜாவின் அந்த ஆண்டுத் தட்டுக்குப் பெயர் ‘யெல்பெஸேட்’. சைகை மொழி என்று அர்த்தம். பெயரிலேயே சொல்லிவிட்டார்கள் பாருங்கள்! அதில் புரோதி எழுதி மெட்டமைத்த ஒரு பாட்டு. நான் ரோஜாவாக இருந்தால் என்ன செய்வேன் என்று தொடங்குகிறது. தாலாட்டு மாதிரியான எளிய மெட்டு, குழந்தையும் பாடலாம். ரோஜாவாக இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை அல்ல, நான்கு முறை பூப்பேன் என்கிறாள் அந்தப் பெண். இதில் என்ன தப்பு? அடுத்தது வாசற்கதவு. எப்போதும் திறந்தே இருப்பேன், வருகிறவரை ‘உன்னை யார் அனுப்பியது’ என்று கேட்க மாட்டேன் என்கிறாள். ஒற்றர்கள் நிறைந்த நாட்டில், மேற்கு எல்லையைக் காவல் போட்டு அடைத்த நாட்டில், இந்தக் கேள்விக்கு என்ன கனம் என்று யோசியுங்கள். பிறகு ஜன்னல். உலகம் முழுவதும் தெரிகிற அளவு பெரிதாக இருப்பேன் என்கிறது. சாதாரண ஹங்கேரியர் மேற்கு நாடுகளுக்குச் சுற்றுலா போவதற்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறைதான் வாய்ப்பு.

நாலாவது, தெரு. சுத்தமாக இருப்பேன், மாலைதோறும் வெளிச்சத்தில் குளிப்பேன் என்று சொல்லிக்கொண்டே வந்து, என்றைக்காவது சங்கிலிச் சக்கரம் என்னை மிதித்தால் எனக்கு அடியில் இருக்கும் மண்ணும் அழுது சரிந்துவிடும் என்கிறாள். டாங்கி என்ற சொல்லே பாட்டில் கிடையாது. சங்கிலிச் சக்கரம், அவ்வளவுதான். ஏன், அது டிராக்டராகவும் இருக்கலாமே! தணிக்கை செய்கிறவரின் சங்கடத்தை நினைத்துப் பாருங்கள். ‘இது டாங்கி’ என்று அவர் வாய்திறந்தால், 1956இல் தெருவில் என்ன வந்தது என்பதை அவரே ஒப்புக்கொண்டதாக ஆகும். டாங்கி இல்லை என்றால் பாட்டை விட்டுவிட வேண்டும். 1968இல் சோவியத் தலைமையில் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் போன படைகளில் ஹங்கேரியப் படையும் இருந்தது என்பது வேறு உறுத்தல்.

கடைசியில் கொடி. கொடியாக இருந்தால் படபடக்க மாட்டேன், கண்ட காற்றுக்கெல்லாம் விளையாட்டுப் பொருளாக மாட்டேன், இழுத்துக் கட்டினால்தான் எனக்கு மகிழ்ச்சி என்கிறாள். 1956இல் புரட்சிக்காரர்கள் தேசியக் கொடியின் நடுவிலிருந்த சோவியத் பாணி அரசுச் சின்னத்தை வெட்டியெடுத்து, ஓட்டையோடு ஏந்திப் போனார்கள். 1973 மார்ச் 15 தேசிய நாளன்றுகூட புடாபெஸ்டில் ஊர்வலம் போன இளைஞர்களைக் காவலர்கள் பிடித்துப் போனார்கள். அந்த நேரத்தில் கொடியைப் பற்றி ஒரு பாட்டு என்றால் விடுவார்களா?

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்தப் பாட்டு முதலில் தணிக்கை ஆட்களின் கண்ணை உறுத்தாமல் போய், தட்டு கடைக்கே வந்துவிட்டது. அப்புறம்தான் யாருக்கோ சைகை புரிந்திருக்கிறது. அந்த ஆண்டு காற்றே திசை மாறியிருந்தது. 1968இல் தொடங்கிய பொருளாதாரத் தளர்வை ஆளும் கம்யூனிஸ்ட் கட்சிக்குள் கடும்போக்காளர்கள் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். தத்துவப் பேராசிரியர்கள் சிலர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். அதே ஆண்டு தியோஷ்ஜியோர் என்ற ஊரில் நடந்த இசை விழாவில் காவல்துறையைக் கிண்டலாக இரண்டு வார்த்தை பேசிய புரோதி மேல் விசாரணை. இல்லேஷ் குழுவும் அந்த ஆண்டோடு கலைந்தது.

ஜுஜா நாட்டை விட்டுப் போகவில்லை. அதைத் தியாகம் என்றெல்லாம் நான் பெரிதாக்கப் போவதில்லை, அவருடைய மொழி அங்கேதான் இருந்தது. இல்லேஷ் ஆட்களில் மூன்று பேர் 1974இல் தொடங்கிய ஃபோனோகிராஃப் குழுவோடு பாடினார். யோஜெஃப் ஆட்டிலா போன்ற கவிஞர்களின் வரிகளைப் பாடினார். இது எனக்குப் பிடித்த திருப்பம். பாடப் புத்தகத்தில் இருக்கும் கவிதையை எந்த அதிகாரி தடை செய்வான்? கிழக்கு ஜெர்மனியில் ஜெர்மன் மொழியில் பாடி, எழுத்துக்கூட்டலை மாற்றி ஷூஷா என்ற பெயரில் அறியப்பட்டார். 2008இல் நாட்டின் உயரிய கலை விருதான கோஷுத் பரிசு வந்தது.

நொறுக்கிய தட்டு 1983இல் மறுபடி வெளிவந்தது. அதே கட்சி, அதே காடார். அதற்குள் கூடாரத் தீயைச் சுற்றி உட்கார்ந்து கிதார் பழகுகிற பிள்ளைகள் அந்தப் பாட்டை மனப்பாடமாகப் பாடிக்கொண்டிருந்தார்கள், இனிமேல் தடுத்து என்ன ஆகப்போகிறது? ஆனால் சோவியத் படைகள் அப்போதும் நாட்டில்தான் இருந்தன. கடைசிச் சிப்பாய் கிளம்பிப் போனது 1991 ஜூன் மாதம்.

பேசியது போதும், பாட்டைப் போடச் சொல்கிறேன். மொழி புரியாது, பரவாயில்லை. தெரு வருகிற இடத்தில் ‘லான்ட்ஸ்கெரேக்’ என்று ஒரு சொல் வரும். சங்கிலிச் சக்கரம் அதுதான். அங்கே அவர் குரலை ஏற்றுகிறாரா என்று மட்டும் கவனியுங்கள்.