பிகினியில் கிளம்பிய வெண்சாம்பல்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

பசிபிக் பெருங்கடலின் நடுவே, மார்ஷல் தீவுக் கூட்டத்தில், பிகினி என்றொரு பவளத்தீவு உண்டு. 1946 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலய வழிபாடு முடிந்திருந்த அத்தீவு மக்களிடம் அமெரிக்கக் கடற்படை அதிகாரி பென் வயாட் வந்து பேசினார். மனிதகுலத்தின் நன்மைக்காகவும், உலகப் போர்களுக்கெல்லாம் முடிவு கட்டுவதற்காகவும், தீவைச் சில காலம் விட்டுத்தர முடியுமா என்று கேட்டார். சுற்றிலும் போர்க்கப்பல்கள் வைத்திருந்தவர்கள் கேட்ட கேள்விக்கு மறுப்புச் சொல்ல அவர்களுக்கு எவ்வளவு இடமிருந்திருக்கும் என்பதை நீங்களே ஊகிக்கலாம். மறு மாதமே 167 பேரும் ரோங்கரிக் தீவில் குடியேற்றப்பட்டு, அங்கே உணவுப் பஞ்சத்தால் வாடினார்கள். 1946 முதல் 1958 வரை மார்ஷல் தீவுகளில் அமெரிக்கா நடத்திய அணுகுண்டுச் சோதனைகள் மொத்தம் 67.

அவற்றுள் மிகப் பெரியது, 1954 மார்ச் 1 அதிகாலை பிகினியில் வெடித்த ‘காசில் பிராவோ’ என்னும் ஹைட்ரஜன் குண்டு. அதற்கு ஏழு மாதங்களுக்கு முன்புதான் சோவியத் ஒன்றியம் ஹைட்ரஜன் குண்டு வகையைச் சேர்ந்த தன் முதல் வெப்ப அணுக்கருக் குண்டை வெடித்துக் காட்டியிருந்தது. விமானத்தில் ஏற்றிச் செல்லத்தக்க குண்டு விரைவில் வேண்டும் என்ற அவசரம் வாஷிங்டனில் மிகுந்திருந்தது. ஏறத்தாழ 6 மெகாடன் ஆற்றல் வெளிப்படும் என்று அமெரிக்காவின் அணு ஆயுத ஆய்வுக்கூடமான லாஸ் அலமோஸ் கணித்திருந்தது. ஒரு மெகாடன் என்பது பத்து லட்சம் டன் டி.என்.டி. வெடிமருந்தின் ஆற்றல். வெளிப்பட்டதோ 15 மெகாடன், அதாவது ஹிரோஷிமாவை அழித்த குண்டைப் போல ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. எரிபொருளில் இருந்த லித்தியத்தின் பெரும்பகுதி லித்தியம்-7 வகையைச் சேர்ந்தது. அது வினைபுரியாமல் சும்மா கிடக்கும் என்று நம்பினார்கள். ஆனால் வேகமான நியூட்ரான்கள் தாக்கியதும் அதுவும் பிளந்து, ஹைட்ரஜன் குண்டுக்கு எரிபொருளாகும் கன ஹைட்ரஜனான டிரிட்டியத்தை உண்டாக்கி, வெடிப்பைக் கணித்ததைவிட இரண்டரை மடங்காகப் பெருக்கிவிட்டது.

கடலடியில் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் அகலத்துக்குப் பள்ளம் விழுந்தது. அந்தப் பள்ளத்திலிருந்த பவளப்பாறை எங்கே போயிற்று என்பதில்தான் கதையே இருக்கிறது. பவளப்பாறை என்பது சுண்ணாம்புக்கல். காளவாயில் இட்டதுபோல் அது வெந்து, பொடியாகி, கதிரியக்கத்தைச் சுமந்துகொண்டு மேகமாக எழுந்தது. காற்று சாதகமாக இல்லை என்ற அறிக்கை முந்தைய நள்ளிரவிலேயே வந்திருந்தும் சோதனையைத் தள்ளிவைக்கவில்லை. சில மணி நேரத்தில், கிழக்கே 150 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த ரோங்கலாப் தீவில் வெள்ளைத் தூள் விழத் தொடங்கியது. கூரைகளிலும், குடிநீர்த் தொட்டிகளிலும், தலைமுடியிலும் அது படிந்தது. என்னவென்று தெரியாத குழந்தைகள் அதில் விளையாடினார்கள். அன்று மாலைக்குள் வாந்தியும் தோல் எரிச்சலும் தொடங்கின. பின்னர் முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. இரண்டு நாள் கழித்தே அவர்களை அங்கிருந்து அகற்றினார்கள். கதிரியக்க அயோடின் தைராய்டு சுரப்பியில் சேர்வதால், அன்று சிறுவர்களாக இருந்தவர்களில் பலருக்குப் பிற்காலத்தில் அங்கே கட்டிகள் தோன்றின.

அதே சாம்பல், தடைசெய்யப்பட்ட எல்லைக்கு வெளியே மீன்பிடித்துக்கொண்டிருந்த ‘டைகோ ஃபுக்குரியு மாரு’ என்ற ஜப்பானியப் படகின் மேல்தளத்திலும் கொட்டியது. படகிலிருந்த 23 பேரும் நோயுற்றனர். படகின் வானொலிக் கருவியை இயக்கிவந்த குபோயாமா செப்டம்பரில் இறந்தார். ஏப்ரல் 2 அன்று இந்திய நாடாளுமன்றத்தில் நேரு, சோதனைகளையாவது உடனே நிறுத்திவைக்க ஓர் உடன்பாடு தேவை என்று வலியுறுத்தினார். 1962இல், எண்பது வயதைக் கடந்திருந்த ராஜாஜி, இதே கோரிக்கையுடன் வாஷிங்டன் சென்று அதிபர் கென்னடியைச் சந்தித்தார். வளிமண்டலச் சோதனைகளைத் தடைசெய்யும் ஒப்பந்தம் 1963இல்தான் கையெழுத்தாயிற்று. நிலத்தடிச் சோதனைகளுக்கு அதில் தடையில்லை.

பிகினி மக்களில் சிலர் எழுபதுகளில் ஊர் திரும்பினார்கள். மண்ணிலிருந்த சீசியம்-137 என்னும் கதிரியக்கப் பொருள் தேங்காய் வழியாக அவர்கள் உடம்பில் ஏறியது தெரியவந்ததும், 1978இல் மறுபடியும் வெளியேற்றப்பட்டார்கள். 1986இல் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி இழப்பீட்டுக்கென அமெரிக்கா ஒதுக்கிய நிதி 15 கோடி டாலர். அதன் பின் அமைந்த தீர்ப்பாயமோ 200 கோடி டாலருக்கும் மேல் தரவேண்டும் என்று கணக்கிட்டது. நிதி தீர்ந்துபோயிற்று. முன்பு கொடுத்ததே முழுமையான, இறுதியான தீர்வு என்பது அமெரிக்க அரசின் நிலைப்பாடு. கூடுதல் தொகை கேட்டு மக்கள் தொடர்ந்த வழக்கை 2010இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டது.

நன்றி, வணக்கம்.