வாரிசு இல்லாமல் போன சிம்மாசனம்

வணக்கம் நேயர்களே. பறங்கியர், அதாவது போர்ச்சுகல்காரர்கள், யாழ்ப்பாண அரசைப் பிடித்தது 1619இல். அந்தப் பறங்கியரின் ராஜா அப்போது யார் தெரியுமா? ஸ்பெயின் ராஜா! போர்ச்சுகலுக்கென்று தனியாக ஒரு அரசர் அன்று கிடையாது. கடல் தாண்டி நாடு பிடித்தவர்கள் சொந்தச் சிம்மாசனத்தைக் கோட்டைவிட்ட கதையைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

1143இல் அஃபோன்சோ என்ரிக்கெஸ் நிறுவிய முடியாட்சி அது. 1385 முதல் அவிஸ் வம்சம். வாஸ்கோ ட காமாவைக் கோழிக்கோட்டுக்கு அனுப்பிய மானுவல் அந்த வம்சத்துக்காரர்தான். அவருடைய மகன் மூன்றாம் ஜொவாவோவுக்குப் பிள்ளைகள் நிறையப் பிறந்தார்கள், ஆனால் அத்தனை பேரும் அவர் கண்ணெதிரே போய்ச் சேர்ந்தார்கள். எஞ்சியிருந்த கடைசி மகன் 1554 ஜனவரியில் இறந்தபோது அவன் மனைவி நிறைமாதக் கர்ப்பிணி. 18 நாள் கழித்துப் பிறந்த குழந்தைதான் செபாஸ்டியன். மூன்று வயதில் ராஜா.

பையன் வளர்ந்தான். கல்யாணத்தில் நாட்டமில்லை, சிலுவைப்போர்க் கனவு மட்டும் தலைக்கேறியிருந்தது. மொரோக்கோவில் பதவி இழந்த சுல்தான் ஒருவர் உதவி கேட்டு வர, அதைச் சாக்காக வைத்துப் பிரபுக்களைத் திரட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். பெரியவர்கள் தடுத்தும் கேட்கவில்லை. 1578 ஆகஸ்ட் 4, அல்காசர் கிபிர். கொளுத்தும் வெயிலில் சில மணி நேரச் சண்டை. செபாஸ்டியன் செத்தான், உதவி கேட்டு வந்தவர் ஆற்றில் மூழ்கினார், எதிரணிச் சுல்தானும் நோயில் இறந்தார். சிறைப்பட்ட பிரபுக்களை மீட்கப் பணம் கொடுத்தே பல குடும்பங்கள் நொடித்துப்போயின. 24 வயது ராஜாவின் வீம்புக்கு நாடே விலை கொடுத்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அடுத்து யார்? தாத்தாவின் தம்பி என்ரிக். அவரோ வயதான கர்தினால்! துறவிக்கு வாரிசு எப்படி வரும்? கல்யாணம் செய்துகொள்ள போப்பிடம் அனுமதி கேட்டார், கிடைக்கவில்லை. 1580 ஜனவரியில் அவரும் கண்ணை மூடினார். மானுவலின் மகள் வயிற்றுப் பேரன் ஸ்பெயின் ராஜா இரண்டாம் பிலிப். "எனக்கும் உரிமை உண்டு" என்று படையோடு வந்தார், எடுத்துக்கொண்டார்.

ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. செபாஸ்டியன் சாகவில்லை, ஒருநாள் வருவார் என்று நம்பினார்கள். "நான்தான் செபாஸ்டியன்" என்று நாலு பேர் கிளம்பினார்கள். அதில் ஒருவர் மாவுப் பண்டம் சுடுகிறவர்! அவரைத் தூக்கில் போட்டார்கள். பிலிப் ஒரு சடலத்தைக் கொண்டுவந்து லிஸ்பன் அருகே பெலெமில் அடக்கம் செய்ய வைத்தும் பயனில்லை. அந்தக் கல்லறை வாசகமே "கேள்விப்படுவது உண்மையானால்" இங்கே இருப்பவர் செபாஸ்டியன் என்று இழுக்கிறது.

இதில் பெரிய நஷ்டம் கடலுக்கு அப்பால்தான். ஸ்பெயினோடு சண்டையிலிருந்த டச்சுக்காரர்களுக்குப் போர்ச்சுகலும் எதிரியாகிவிட்டது. மிளகு, ஏலக்காய்க்கு லிஸ்பனை நம்பியிருந்தவர்கள் நேரே ஆசியாவுக்கே கப்பல் விட்டார்கள். 1640 டிசம்பர் 1 அன்று லிஸ்பன் பிரபுக்கள் அரண்மனைக்குள் புகுந்து, ஸ்பெயினின் கையாளாயிருந்த செயலரைக் கொன்று ஜன்னல் வழியே வீசிவிட்டு, பிரகன்சா பிரபுவை ராஜாவாக்கினார்கள். சரி, சொந்த ராஜா கிடைத்தார். ஆனால் டச்சுக்காரர் நிற்கவில்லை: 1656இல் கொழும்பு போனது, 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையும் போனது.