நல்ல புத்தகத்தைக் குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும்! – பட்டிமன்ற உரை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அப்புறம் பெரியவர்கள் இழுத்துக்கொண்டு வந்த ஒரே காரணத்துக்காக இங்கே உட்கார்ந்திருக்கும் குழந்தைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

"குழந்தைகளுக்கான நல்ல புத்தகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர்கள் பெரியவர்களா, குழந்தைகளா?" என்பது தலைப்பு. "குழந்தைகளே" என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் மூன்று கேள்விகளைப் போட்டுவிட்டுக் கைதட்டலோடு போய் உட்கார்ந்துவிட்டார். குழந்தைக்கு நல்லது கெட்டது தெரியுமா? விட்டால் படக்கதையையும் பேய்க்கதையையும் தவிர வேறு எதையாவது தொடுமா? மருந்துக் கடைக்குக் கூட்டிப் போய், "உனக்குப் பிடித்த மருந்தை எடுத்துக்கொள்" என்று குழந்தையிடம் சொல்வோமா?

மூன்றாவது கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். நோய் அங்கேதான் இருக்கிறது. புத்தகத்தை மருந்து என்று நினைக்கிறார் பாருங்கள்! வேளைக்கு இத்தனை பக்கம், முகம் சுளிக்காமல் முழுங்கு, உடம்புக்கு நல்லது. இப்படிக் கொடுத்தால் எந்தக் குழந்தை வாங்கும்? மருந்து கொடுப்பவர் நோயாளியின் ருசியைக் கேட்க வேண்டியதில்லை. புத்தகம் கொடுப்பவர் கேட்காமல் இருக்க முடியாது. பிடிக்காமல் விழுங்கிய மாத்திரையும் வேலை செய்யும். பிடிக்காமல் புரட்டிய புத்தகம் செய்யாது.

ஒரு பெரியவர் குழந்தைக்குப் புத்தகம் வாங்குவதைக் கவனித்திருக்கிறீர்களா? முதலில் பின்னட்டையைத் திருப்புவார். வயது போட்டிருக்கிறதா என்று பார்ப்பார். கடைசிப் பக்கத்தில் நீதி இருக்கிறதா என்று பார்ப்பார். எழுத்து பெரிதாக இருந்தால், "இவ்வளவு காசுக்கு இவ்வளவுதான் எழுத்தா?" என்பார். கடைசியில் பொது அறிவுக் களஞ்சியம் ஒன்றை வாங்கிக்கொண்டு கிளம்புவார். உள்ளே ஒரு பக்கம்கூட வாசித்திருக்க மாட்டார்.

குழந்தை வேறு மாதிரி. அட்டையைத் தடவிப் பார்க்கும். நடுவில் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து நாலு வரி படிக்கும். படத்தில் மூலையில் ஒளிந்திருக்கும் எலியைக் கண்டுபிடிக்கும். பிடிக்கவில்லையென்றால் தலைகீழாக அலமாரியில் செருகிவிட்டு அடுத்ததை உருவும். பிடித்துவிட்டால் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிடும். கூப்பிட்டாலும் காதில் விழாது. நடுவர் அவர்களே, இந்த இரண்டு பேரில் புத்தகத்தை உண்மையில் சோதித்துப் பார்த்தவர் யார்?

"பெரியவர்களிலும் விஷயம் தெரிந்தவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் தேர்ந்தெடுக்கட்டுமே" என்று எதிரணி சொல்லலாம். சரி, விஷயம் தெரிந்த ஒருவரையே எடுத்துக்கொள்வோம். ஆன் கரோல் மூர். நியூயார்க் பொது நூலகத்தில் 1906 முதல் 1941 வரை குழந்தைகள் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர். சாதாரண ஆள் இல்லை. குழந்தைகளுக்கென்று தனி வாசிப்பறை, அவர்கள் உயரத்துக்கு நாற்காலி என்று நூலகத்தின் கதவைக் குழந்தைகளுக்குத் திறந்துவிட்ட முன்னோடிகளில் ஒருவர். அவர் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் மார்கரெட் வைஸ் பிரவுன் எழுதிய 'குட்நைட் மூன்' 1947-ல் வந்தபோது அவருக்கு அது பிடிக்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் அந்த நூலகத்தில் அவர் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. நூலகம் அந்தப் புத்தகத்தை வாங்கவில்லை. ஒரு முயல்குட்டி தூங்கப் போகும் முன் அறையில் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் இரவு வணக்கம் சொல்கிறது, அவ்வளவுதான் கதை. இதில் என்ன இருக்கிறது என்று பெரியவர்களுக்குத் தோன்றியிருக்கும். மழலைகளோ அதை மறுபடி மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். அந்த நூலகத்தின் அலமாரிக்கு அது வந்து சேர்ந்தது 1972-ல். கால் நூற்றாண்டு! முதலில் அதைக் கேட்டிருக்க வேண்டிய குழந்தைகள், தங்கள் குழந்தைகளோடு வந்து வரிசையில் நிற்கும் வயதுக்கு வந்துவிட்டார்கள்.

இன்னொன்று, உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஹாரி பாட்டரின் முதல் கதையைப் பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. அங்கே அதைப் படித்துப் பார்த்தவர்கள் எல்லாம் அனுபவசாலிகள். கடைசியில் ஒரு பதிப்பகத்தின் தலைவர் முதல் அத்தியாயத்தைத் தன் எட்டு வயது மகளிடம் கொடுத்தார். அந்தப் பெண் படித்துவிட்டு, "மிச்சம் எங்கே?" என்று கேட்டாள். புத்தகம் 1997-ல் வந்தது. அப்போதும் கெட்டி அட்டையில் 500 பிரதிகள்தான் அச்சடித்தார்கள். பெரியவர்களின் நம்பிக்கை 500 பிரதிதான், நடுவர் அவர்களே!

இப்போது படக்கதைக்கு வருகிறேன். எதிரணித் தலைவர் அந்தச் சொல்லைச் சொல்லும்போதே முகத்தைச் சுளித்தார். அந்தச் சுளிப்புக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அமெரிக்காவில் ஃபிரெட்ரிக் வெர்தாம் என்ற மனநல மருத்துவர், சிறுவர்கள் குற்றவாளி ஆவதற்குக் காமிக்ஸும் ஒரு முக்கியக் காரணம் என்று 1954-ல் ஒரு புத்தகமே எழுதினார். அதே ஆண்டு அந்நாட்டு செனட் குழு விசாரணை நடத்தியது. பதிப்பாளர்கள் பயந்துபோய்த் தங்களுக்குத் தாங்களே தணிக்கை விதிகள் போட்டுக்கொண்டார்கள். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே பள்ளி வளாகங்களில் காமிக்ஸைக் குவித்துக் கொளுத்தியிருந்தார்கள். எல்லாம் குழந்தைகளின் நன்மைக்காக! பின்னாளில் கரோல் டில்லி என்ற ஆய்வாளர் வெர்தாமின் சொந்தக் குறிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்த்தார். சிறுவர்கள் சொன்னதை வெர்தாம் தன் வாதத்துக்கு வசதியாக மாற்றியும் திரித்தும் எழுதியிருந்தது தெரிந்தது. அந்த ஆய்வு வந்தது 2012-ல். இதற்கு நடுவில், 1992-லேயே, யூத இனப்படுகொலையைச் சொன்ன 'மவுஸ்' என்ற படக்கதைக்குப் புலிட்சர் சிறப்புப் பரிசு கிடைத்துவிட்டது.

"ஒரே மாதிரித் துப்பறியும் கதையையே வரிசையாகப் படிக்கிறான்" என்று ஓர் அம்மா கேள்விநேரத்தில் வருத்தப்பட்டார். அம்மா, படிக்க விடுங்கள். அந்தத் தொடரில் ஆட்கள் பழகியவர்கள், கதையின் போக்கு பழகியது. யார் எவர் என்று குழம்பாமல் அவன் வாக்கியத்தில் கவனம் வைக்கிறான்; வேகம் கூடுகிறது. கீத் ஸ்டானோவிச் என்ற உளவியலாளர் 1986-ல் இதை விளக்கினார். நிறையப் படிக்கிற பிள்ளைக்குச் சொல்வளம் கூடுகிறது, சொல்வளம் கூடியதால் படிப்பது எளிதாகிறது, எளிதானதால் இன்னும் படிக்கிறது. படிக்காத பிள்ளைக்கு இதே சக்கரம் பின்பக்கமாகச் சுற்றுகிறது. சக்கரம் முதலில் நகர வேண்டும், அதுதான் முக்கியம். உங்கள் மகன் அதைத் தானாகவே நகர்த்திவிட்டான். அதில் போய்க் கட்டையைப் போடாதீர்கள்.

வயது விஷயம் ஒன்று இருக்கிறது. 2008-ல் பிரிட்டனில் பதிப்பகங்கள் குழந்தை நூல்களின் அட்டையில் வயதை அச்சிடலாம் என்று கிளம்பியபோது எதிர்த்து நின்றவர்கள் யார் தெரியுமா? எழுத்தாளர்களே. ஃபிலிப் புல்மன் உட்படப் பலர் கையெழுத்திட்டார்கள். பதினொரு வயதில் மெதுவாகப் படிக்கும் பிள்ளை, 'வயது 7' என்று போட்ட புத்தகத்தை நண்பர்கள் முன்னால் கையில் எடுக்குமா? அதற்குப் பிடித்த, அதால் முடிகிற ஒரே புத்தகம் அதுவாக இருந்தாலும் எடுக்காது.

"அப்படியானால் தனக்கு ஏற்றது எது என்று குழந்தைக்கு எப்படித் தெரியும்?" நல்ல கேள்வி. ஆசிரியர்கள் சொல்லித் தரும் ஐந்து விரல் சோதனை இருக்கிறது. ஏதாவது ஒரு பக்கத்தைத் திற. ஐந்து விரலையும் நீட்டிக்கொள். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கு. பக்கம் முடியும்போது இரண்டு மூன்று விரல் மடங்கியிருந்தால் தாராளமாகப் படிக்கலாம். ஐந்தும் மடங்கிவிட்டால் இப்போதைக்கு வேண்டாம், அல்லது யாராவது கூட உட்கார்ந்து படிக்கட்டும். ஒன்றுகூட மடங்கவில்லையா? சோம்பலான ஒரு மதியத்துக்கு அதுவும் நல்ல புத்தகம்தான். ஏழு வயதுப் பிள்ளைக்கு ஒரு தடவை சொல்லிக் கொடுத்தால் போதும். இதைச் செய்ய நிபுணர் குழு வேண்டுமா?

சரி, நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், எதிரணி எடுத்துப் பேசுவதற்கு முன்னால். 1989-ல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமை உடன்படிக்கையின் 13ஆம் பிரிவு, தான் தேர்ந்தெடுக்கும் எந்த ஊடகத்தின் வழியாகவும் தகவலையும் கருத்தையும் தேடிப் பெறும் சுதந்திரம் குழந்தைக்கு உண்டு என்கிறது. எங்களுக்குச் சாதகம். 17ஆம் பிரிவு, குழந்தையின் நலனுக்குக் கேடானவற்றிலிருந்து பாதுகாக்க நெறிமுறைகள் வேண்டும் என்கிறது. அது உங்களுக்கு. எனக்கு இரண்டிலும் சண்டை இல்லை. வன்மத்தையும் ஆபாசத்தையும் குழந்தைகள் அலமாரியில் வைக்காதீர்கள். அது உங்கள் வேலை. எழுத்துப் பிழை மலிந்ததை, அவசர அவசரமாக அச்சடித்ததை, ஓர் இனத்தையோ உடல் குறையையோ கேலி செய்வதை வடிகட்டுங்கள். பேச வராத மழலைக்கு நீங்களே எடுத்துப் படித்துக் காட்டுங்கள் (அதுகூட வேண்டாத புத்தகத்தைத் தூக்கி எறிந்து தன் தீர்ப்பைச் சொல்லிவிடும்). அலமாரியை நிரப்புவது உங்கள் பொறுப்பு. அதிலிருந்து உருவும் கை குழந்தையுடையதாக இருக்கட்டும். நூலக அறிவியலுக்கு 1931-ல் ஐந்து விதிகளைத் தந்த எஸ்.ஆர். ரங்கநாதன், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்றார். வாசகரின் பெற்றோருக்குப் பிடித்த நூல் என்று அந்த ஐந்தில் எங்கேயும் இல்லை.

இதையும் கேளுங்கள். குழந்தை தப்பாகத் தேர்ந்தெடுக்கும். சந்தேகமே இல்லை. அட்டையில் டைனோசர், உள்ளே ஒன்றுமே இல்லை. எடுத்து வந்து பத்துப் பக்கத்தில் உதட்டைப் பிதுக்கும். உடனே நாம், "நீதானே கேட்டாய், முழுசாகப் படித்து முடி" என்கிறோம். எதற்கு? நாம் அலுத்துப்போய்ப் பாதியில் மூடி வைத்த புத்தகங்கள் எத்தனை! டேனியல் பென்னாக் என்ற பிரெஞ்சு எழுத்தாளர், ஆசிரியராகவும் இருந்தவர், வாசகரின் பத்து உரிமைகள் என்று ஒரு பட்டியல் போட்டார். பக்கங்களைத் தாண்டிப் போகும் உரிமை, முடிக்காமல் விடும் உரிமை எல்லாம் அதில் உண்டு. அந்த டைனோசர் புத்தகத்தைப் பாதியில் மூடிய குழந்தை, அடுத்த தடவை அட்டையை மட்டும் பார்க்காது. உள்ளே நாலு வரி படித்துப் பார்க்கும். பதினைந்து வயது வரை நாமே எடுத்துக் கொடுத்துவிட்டு, பதினாறில் "உனக்கென்று ஒரு ரசனையே இல்லையே" என்றால் எங்கிருந்து வரும்?

நடுவர் மணியைப் பார்க்கிறார், முடித்துவிடுகிறேன். எனக்குப் பின்னால் பேச வரும் எதிரணி நண்பருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். சிறு வயதில் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்து வைத்து நீங்கள் படித்த கதைப் புத்தகம் ஒன்று இருக்கும். அதன் பெயரை இந்த மேடையில் சொல்லுங்கள். எந்தப் பெரியவர் அதை உங்களுக்காகத் தேர்ந்தெடுத்துக் கையில் கொடுத்தார் என்பதையும் சொல்லுங்கள். அப்புறம் உங்கள் வாதத்தைத் தொடங்குங்கள். நன்றி, வணக்கம்.