அத்திப்பட்டுக்கு வடக்கே இரண்டே தடம்

(மீஞ்சூரில் ரயில் பயணிகள் கூடிய ஒரு மாலையில், ஓய்வுபெற்ற கூட்ஸ் கார்டு ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

இங்கே உட்கார்ந்திருக்கிற பலரை எனக்கு முகம் தெரியும், பெயர் தெரியாது. நந்தியம்பாக்கம் பக்கம் சிக்னல் கிடைக்காமல் லோக்கல் நின்றுவிடும். நீங்கள் வாசலில் தொங்கிக்கொண்டு பக்கத்துத் தடத்தைப் பார்ப்பீர்கள். அங்கே ஒரு கூட்ஸ் வண்டி ஊர்ந்து போய்க்கொண்டிருக்கும். அதன் கடைசிப் பெட்டி பிரேக் வேன். அதில் கொடியும் கை விளக்குமாக உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருவன். 2022-இல் கார்டு என்ற பெயரை எடுத்துவிட்டு ட்ரெயின் மேனேஜர் என்று வைத்தார்கள். நான் அதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டேன். எனக்குக் கார்டுதான் பழக்கம்.

கூட்ஸுக்காக லோக்கலை நிறுத்தி வைக்கிறார்கள் என்ற உங்கள் கோபம், வேலையில் இருந்தவரை எனக்கு முழுசாகப் புரியவில்லை. இப்போது என் மகள் பொன்னேரியிலிருந்து சென்ட்ரலுக்கு சீசன் டிக்கெட்டில் போய் வருகிறாள். மாதத்தில் மூன்று நாள் தாமதமானால் அவள் வேலை செய்யும் இடத்தில் அரை நாள் சம்பளம் பிடிப்பார்கள். வழியில் வண்டி நின்றால் அவள் போன் பண்ணி, "அப்பா, முன்னாடி கூட்ஸா?" என்று கேட்பாள். வீட்டில் இருக்கும் எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் அவளுக்குக் கேட்க வேறு ஆள் இல்லை. அந்தக் கேள்விதான் என்னை இந்த மேடைக்குக் கொண்டு வந்தது.

முதலில் இந்தச் சென்னை – கும்மிடிப்பூண்டித் தடம் யாருடையது என்று பார்ப்போம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-இல் நம் ராயபுரத்திலிருந்துதான் கிளம்பியது. அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது. கும்மிடிப்பூண்டி வரை மின்சார ரயில் வந்தது 1979-இல். ஆனால் இது லோக்கலுக்காக மட்டும் போட்ட பாதை இல்லை. டெல்லிக்குப் போகிற எக்ஸ்பிரஸ், கொல்கத்தாவுக்குப் போகிற எக்ஸ்பிரஸ், இரண்டுக்கும் கூடூர் வரை இதுதான் வழி. அதே தண்டவாளத்தில் நாமும் போகிறோம், சரக்கும் போகிறது.

சரக்கு என்றால் என்னென்ன? நிலக்கரி, கன்டெய்னர், பெட்ரோல், டீசல். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கிய காலத்தில் ராயபுரம் வீடுகளின் மொட்டை மாடியில் வெள்ளைத் துணி காயப்போட முடியாது. நீதிமன்றம் உத்தரவு போட்டு 2011 அக்டோபரில் அதை நிறுத்தினார்கள். அந்த வேலை எண்ணூருக்கு, 2001-இல் திறந்த காமராஜர் துறைமுகத்துக்குப் போனது. தூசும் கூடவே வந்தது. அத்திப்பட்டுக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் கூட்ஸை நிறுத்து என்ற கோஷத்தை நான் போட மாட்டேன். கணக்குப் பாருங்கள். ஒரு நிலக்கரி ரேக்கில், அதாவது ஒரு முழு கூட்ஸ் வண்டியில், 58 வேகன் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வேகனுக்கு ஏறக்குறைய 65 டன். மொத்தம் 3,700 டன்னுக்கு மேல். அதையே லாரியில் ஏற்றினால், 25 டன் வீதம், 150 லாரி வேண்டும். ஒரே ஒரு ரேக்குக்கு 150 லாரி. எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரிக்கு நடுவில் டூ வீலரில் போகிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள். அந்தச் சாலையில் இன்னும் 150 லாரியா? வேண்டவே வேண்டாம். ரயில்வேயின் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சரக்கிலிருந்துதான் வருகிறது. ஐந்து ரூபாய் டிக்கெட்டில் நாம் போக முடிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, அப்படியென்றால் நம்மை ஏன் நிறுத்தி வைக்கிறார்கள்?

மற்ற வண்டிக்கு வழிவிட ஸ்டேஷனில் ஒதுங்கி நிற்கிற பக்கத்துத் தடம்தான் லூப் லைன். அதில் நிற்கிற ஒரு லோடு வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். இன்ஜினிலிருந்து பிரேக் வேன் வரை ஏறக்குறைய 700 மீட்டர். கிளம்பச் சொல்லும் ஸ்டார்ட்டர் சிக்னல் விழுகிறது, டிரைவர் ஹாரன் அடிக்கிறார். காற்று எதிர்ப்பக்கம் அடித்தால் அந்த ஹாரன் பின்னால் எனக்குக் கேட்காது. இன்ஜின் இழுக்கும். வேகன்களை இணைக்கும் கப்ளிங் முதல் வேகனில் இறுகும், அப்புறம் இரண்டாவது, மூன்றாவது. டக், டக், டக் என்று அந்தச் சத்தம் வண்டி நெடுக ஓடி வரும். கடைசியில் என் வேனுக்கு ஓர் உதறல். கையில் டீ இருந்தால் சட்டையில்தான். அதற்கப்புறமும் வண்டி நடக்கிற வேகத்தில்தான் கிளம்பும். தடம் மாறும் பாயிண்டைத் தாண்டி முழு வண்டியும் மெயின் லைனுக்கு வர வேண்டும். மணிக்கு 15 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 250 மீட்டர். 700 மீட்டர் தாண்ட மூன்று நிமிடம். அதற்குப் பிறகு அது வேகம் எடுத்து அடுத்த ஸ்டேஷனைத் தாண்டும் வரை பின்னால் வருகிற லோக்கல் மஞ்சளையும் சிவப்பையும் பார்த்துக்கொண்டு நிற்கும். உங்கள் லோக்கல் சட்டென்று கிளம்பும், சட்டென்று நிற்கும். வேகன்களின் எடையும் சேர்ந்து ஐயாயிரம் டன்னை நெருங்கும் என் வண்டி இரண்டையும் செய்யாது. இவை இரண்டையும் ஒரே தடத்தில் விட்டால் லோக்கலும் கூட்ஸ் மாதிரிதான் ஓடும்.

எந்த வண்டியை எப்போது விடுவது என்று முடிவு செய்கிற கண்ட்ரோலரும் என்ன செய்வார்? அவர் கையில் இருப்பது போக ஒரு தடம், வர ஒரு தடம். எக்ஸ்பிரஸை விட வேண்டும், உங்களை விட வேண்டும், துறைமுகத்தில் கப்பல் காத்திருக்கிறது என்று இன்னொரு போன் வரும்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. 2021 பிப்ரவரி 14-ஆம் தேதி ஒரே நாளில் நம் பகுதிக்கு இரண்டு திறப்பு விழா நடந்தது. வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ. கடற்கரையிலிருந்து அத்திப்பட்டு வரை நான்காவது ரயில் தடம், 22.1 கிலோமீட்டர், 293 கோடி ரூபாய். இரண்டும் நல்ல காரியம். ஆனால் மெட்ரோ விம்கோ நகரோடு நின்றுவிட்டது. நான்காவது தடம் அத்திப்பட்டோடு நின்றுவிட்டது. மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டிக்காரர்களுக்கு மெட்ரோவும் இல்லை, கூடுதல் தடமும் இல்லை. தெற்கே நான்கு தடத்தில் வருகிற கூட்டமெல்லாம் அத்திப்பட்டில் இரண்டு தடத்துக்குள் நுழைகிறது. புனல் வாயில் எண்ணெய் தேங்குகிற மாதிரி அங்கே தேங்குகிறது.

அந்த இரண்டு தடப் பகுதியில்தான் கவரைப்பேட்டை இருக்கிறது. 2024 அக்டோபர் 11 இரவு. மைசூர் – தர்பங்கா எக்ஸ்பிரஸுக்கு மெயின் லைனில் பச்சை விழுந்திருந்தது. வண்டி திரும்பியதோ லூப் லைனுக்கு. அங்கே கூட்ஸ் நின்றுகொண்டிருந்தது. பின்னாலிருந்து போய் மோதியது. பலருக்குக் காயம். உயிர் எதுவும் போகவில்லை, அது பெரிய ஆறுதல். பின்னால் என்றால் அங்கே இருப்பது பிரேக் வேன். அதே லூப்பில் எத்தனையோ ராத்திரி கொசுவர்த்தி கொளுத்தி வைத்துக்கொண்டு எக்ஸ்பிரஸ் தாண்டிப் போகட்டும் என்று நான் உட்கார்ந்திருந்திருக்கிறேன். அன்றைக்குச் செய்தியைப் பார்த்துவிட்டு விடியும் வரை தூங்கவில்லை. தடத்தைக் கூட்டினால் விபத்தே நடக்காது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வேகமாகப் போகிற வண்டிக்குப் பக்கத்தில் கூட்ஸை மணிக்கணக்கில் நிறுத்திவைக்க வேண்டிய நிலை குறையும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அம்மாக்கள் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் கூட்ஸ் குறுக்கே நின்றுவிட்டால் ஜனங்கள் என்ன செய்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். பள்ளிக்கூடப் பிள்ளை முதலில் பையைத் தூக்கி அந்தப் பக்கம் எறியும். அப்புறம் குனிந்து வேகனுக்கு அடியில் நுழையும். பின்னாலேயே மீன்கூடையோடு ஒரு பாட்டி, கப்ளிங்கைப் பிடித்துக்கொண்டு. சற்று முன்னால் சொன்னேனே, ஒவ்வொரு கப்ளிங்காக இறுகும் என்று. நடு வேகனுக்கு அடியில் இருக்கிறவர்களுக்கு ஹாரன் கேட்காது. முன்னால் வண்டி நகர ஆரம்பித்ததும் தெரியாது. அவர்கள் தலைக்கு மேல் இருக்கிற வேகன் அந்த நொடி வரை அசையாமல் இருக்கும், அடுத்த நொடி உதறிக்கொண்டு கிளம்பும். டிரைவர் கண்ணுக்கும் தெரியாது, 700 மீட்டர் தள்ளி இருக்கிற என் கண்ணுக்கும் தெரியாது. ஒருமுறை என் வண்டி நகர்ந்து போன பிறகு தண்டவாளத்தின் நடுவில் ஒரு சின்னச் செருப்பு கிடந்தது. ஒற்றைச் செருப்பு. பிள்ளை அந்தப் பக்கம் ஓடிப்போய் நின்றிருந்தாள், கையைப் பிசைந்துகொண்டு. அவளைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், எவ்வளவு நேரமானாலும் அடியில் நுழையாதீர்கள். நுழையாதே என்று சொல்வதோடு நம் பொறுப்பு முடிந்துவிடாது. மேம்பாலமும் சுரங்கப்பாதையும் வருகிற வரை கேட்டில் வண்டியை நிறுத்தி வைக்காதே என்று கேட்கவும் வேண்டும்.

அப்போ என்ன கேட்கப் போகிறோம்? அத்திப்பட்டிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை சுமார் 25 கிலோமீட்டருக்கு மூன்றாவது, நான்காவது தடம். இதுதான் முதலும் முக்கியமும். அடுத்து, அத்திப்பட்டு – புத்தூர் புதிய பாதை. 88 கிலோமீட்டர். 2008-09 ரயில்வே பட்ஜெட்டில் வந்தது. அது இருந்தால் துறைமுகச் சரக்கு சென்னைக்குள் நுழையாமலே மேற்கே போய்விடும். இத்தனை வருஷமாகியும் அதில் ஒரு வண்டி ஓடவில்லை. வடக்கே லூதியானாவிலிருந்து சோன்நகர் வரை 1,337 கிலோமீட்டர், மேற்கே தாத்ரியிலிருந்து மும்பை அருகே ஜவாஹர்லால் நேரு துறைமுகம் வரை 1,506 கிலோமீட்டர், சரக்குக்கென்றே தனிப் பாதை போட்டிருக்கிறார்கள். தென்னிந்தியாவில் அப்படி ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. நாம் கேட்பது பெரிய ஆசை ஒன்றும் இல்லை.

மூன்றாவதாகக் கேட்பதற்குச் செலவே இல்லை. வண்டி நடுவழியில் நின்றால் மைக்கில் சொல்லுங்கள். முன்னால் கூட்ஸ், பத்து நிமிடம் ஆகும் என்று ஒரு வரி. பத்து நிமிடம் என்று தெரிந்தால் என் மகள் ஆபீசுக்குப் போன் பண்ணிச் சொல்லுவாள், குழந்தை வைத்திருக்கிற அம்மா தண்ணீரைப் பார்த்துச் செலவழிப்பாள்.

வாசலில் மேசை போட்டு மனு வைத்திருக்கிறோம். கையெழுத்தோடு நிறுத்திவிடாதீர்கள். எந்தத் தேதி, எத்தனை மணி வண்டி, எந்த இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில், எத்தனை நிமிடம் நின்றது, பக்கத்துத் தடத்தில் என்ன போனது, அதையும் எழுதுங்கள். அதிகாரி முன்னால் வைக்க எனக்கு அதுதான் வேண்டும். பேனா நாலு இருக்கிறது. கும்மிடிப்பூண்டி வண்டிக்குப் போக வேண்டியவர்களை முதலில் விடுங்கள்.