கழுவிய கையில் மிச்சம் இருப்பது

நண்பர்களே, கிருமிகளில் 99.9 சதவீதத்தை அழிக்கும் என்று சோப்பு உறையில் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது ஆய்வகத்தில் எடுத்த கணக்கு. கையில் நடப்பது வேறு.

கையிலுள்ள பாக்டீரியாக்களை 1938-இல் பிலிப் பிரைஸ் என்ற அறுவை மருத்துவர் இரண்டாகப் பிரித்தார். தோலின் இடுக்குகளிலும் மயிர்க்கால்களிலும் குடியிருப்பவை ஒரு வகை. எதையாவது தொட்டதும் ஒட்டிக்கொண்டு வருபவை இன்னொரு வகை. குடியிருப்பவை எவ்வளவு தேய்த்தாலும் முழுசாகப் போகாது, குறைந்தாலும் மறுபடி பெருகிவிடும். இருந்துவிட்டுப் போகட்டும், ஆரோக்கியமானவரை அவை பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. வயிற்றுப்போக்கைக் கொண்டுவருவது பெரும்பாலும் வந்து ஒட்டியவைதான். அவை தோலின் மேலேயே எண்ணெய்ப் பசையிலும் அழுக்கிலும் இருக்கும். சோப்பு அந்தப் பசையைப் பிரித்துத் தண்ணீரோடு அனுப்பிவிடும். சாதாரண சோப்பின் முக்கிய வேலை கொல்வதல்ல, கழற்றிவிடுவது.

சரி, எவ்வளவு கழலும்? லண்டனில் செய்து 2011-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 20 பேரைப் பொது இடங்களில் கதவுப் பிடிகளையும் கம்பிகளையும் தொட்டு வரச் சொன்னார்கள். மலத்திலிருந்து வரக்கூடிய பாக்டீரியாக்கள் கையில் இருக்கின்றனவா என்று பிறகு பார்த்தார்கள். கழுவாத கைகளிலிருந்து எடுத்த மாதிரிகளில் 44 சதவீதத்தில் இருந்தன. வெறும் தண்ணீரில் கழுவியபோது 23, சோப்புப் போட்டபோது 8. எனக்கு இதில் அந்த நடு எண்தான் முக்கியம். சோப்பு இல்லையென்று கழுவாமலே விடுகிறவர்களுக்கு அது பதில். அதற்காக 8-ஐப் பூஜ்யம் என்று நினைத்துவிடாதீர்கள்.

அந்த 8 எங்கிருந்து வருகிறது? அவசரமும் ஒரு காரணமாக இருக்கலாம். கட்டைவிரல், விரல் நுனி, நகத்தடி, மோதிரத்தின் கீழ் – கை போகாமல் விடுகிற இடங்கள் இவை. உலக சுகாதார நிறுவனம் முழு வேலைக்கும் 40 முதல் 60 விநாடி சொல்கிறது. விலை கூடிய கிருமிநாசினிச் சோப்பு இதற்கு ஈடாகாது. ட்ரைக்ளோசான் உட்பட 19 கிருமிநாசினிப் பொருள்களைக் கைகழுவும் சோப்புகளில் சேர்க்க 2016-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் தடை போட்டது. சாதாரண சோப்பைவிட அவை மேல் என்பதற்குத் தயாரிப்பாளர்கள் போதுமான ஆதாரம் தரவில்லை. அப்புறம், கழுவியபின் ஈரத்தைத் துடையுங்கள். ஈரக் கையில் பாக்டீரியாக்கள் சுலபமாக இடம் மாறும்.

சானிடைசர் போதாதா என்று ஒருவர் கேட்டார். கை சுத்தமாகத் தெரிந்தால் நல்ல பலன் தரும். அழுக்கோ எண்ணெயோ இருந்தால் தராது. வயிற்றுப்போக்கைத் தரும் குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் (பழைய பெயர் குளோஸ்ட்ரிடியம் டிஃபிசில்) போன்ற பாக்டீரியாக்கள் கெட்டியான உறைகொண்ட வித்துகளாகவும் இருக்கும்; அவற்றைச் சானிடைசரிலுள்ள ஆல்கஹால் கொல்லாது. அந்தத் தொற்று உள்ள நோயாளிகளைத் தொட்டபின் கையைச் சோப்புப் போட்டுத்தான் கழுவவேண்டும்.