அரசு வக்கீல் இருக்கும்போது தனியா ஒரு வக்கீல் எதுக்கு?

வணக்கம்ங்க. மன்னார்குடி, ஒரத்தநாடு பக்கம் பாலியல் வன்கொடுமை கேஸ்னா வீட்டுக்காரங்க மொதல்ல கேக்குறது இதான், "கேஸ கவர்மெண்டே நடத்துதே, நமக்கு எதுக்கு வக்கீலு?"

பாதி சரி. ஆனா அரசு வக்கீல் அரசுக்கு வக்கீல், புகார் கொடுத்த பொண்ணு கோர்ட் கணக்குல ஒரு சாட்சி, அவ்ளோதான். அவங்களுக்குன்னு ஒரு வக்கீல இலவசமாவே கேக்கலாம். 1987 சட்டப்பணிகள் ஆணைக்குழு சட்டத்துல பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது, நெலம் எத்தன மாங்குற கேள்விக்கே எடமில்ல. தாலுகா கோர்ட்லயே வட்ட சட்டப்பணிகள் குழு இருக்கும், இல்லன்னா இலவச சட்ட உதவி நம்பர் 15100க்கு போன் போடுங்க.

ஸ்டேஷன்லயே ஆரம்பிக்குது இது. 1994ல டெல்லி வீட்டு வேலைப் பெண்கள் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொன்னது, கேள்வி கேக்க ஆரம்பிக்குறதுக்கு முன்னாடியே வக்கீல் வச்சுக்கலாம்னு போலீஸ் சொல்லணும், சொன்னோம்னு எழுதியும் வைக்கணும். எத்தன ஸ்டேஷன்ல சொல்றாங்கங்குறது வேற கதை.

சரி, வந்த வக்கீல் என்ன பண்ணுவார்? படத்துல வர்ற மாதிரி எந்திரிச்சு குறுக்கு விசாரணையெல்லாம் பண்ண முடியாது, அரசு வக்கீல் சொல்றபடிதான் நடக்கணும், சாட்சி விசாரணை முடிஞ்சப்புறம் நீதிபதி அனுமதி கொடுத்தா எழுத்துல வாதம் வைக்கலாம். ஆனா பொண்ணு சாட்சிக் கூண்டுல நிக்கிறப்ப "இதுக்கு முன்னாடி யார்கூட பழக்கம்"னு எதிர்த்தரப்பு ஆரம்பிச்சா, இது கேக்கக்கூடாத கேள்வின்னு அரசு வக்கீல் காதுல அந்த நிமிஷமே போட ஆள் இருக்கும்ல, அதான் பெரிய விஷயம். வன்கொடுமை வழக்க மூடுன அறைக்குள்ளதான் விசாரிக்கணும், எதிராளியோட சித்தப்பா பெரியப்பா எல்லாம் உள்ள வந்து உக்காந்திருந்தா அதையும் சொல்லச் சொல்லலாம். நடவு நேரத்துல வாய்தா வந்து கூலி போச்சுன்னா சாட்சிப்படி, அதாவது சாட்சி சொல்ல வந்ததுக்கான செலவுப் பணம், கேட்டு மனு போடலாம், இத யாரும் கேக்குறதே இல்ல.

ஊர்ல நாலு பேரு வந்து "பேசி முடிச்சுக்கலாம்"பாங்க. வன்கொடுமை கேஸ்ல சமரசம் சட்டப்படி செல்லாது, மிரட்டுனா அது தனிக் குற்றம், வக்கீல்கிட்ட அன்னிக்கே சொல்லிடுங்க.

விடுதலைன்னு தீர்ப்பு வந்தாலும் நீங்களே அப்பீல் போகலாம். மாவட்ட கோர்ட் தீர்ப்புன்னா தஞ்சாவூருக்கு ஐகோர்ட்டோட மதுரைக் கிளை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைக்கு சென்னை ஐகோர்ட். அங்கயும் இலவச வக்கீல் உண்டு. கொடுத்த வக்கீல் வாய்தாவுக்கே வரலன்னா பொறுத்துக்கிட்டு இருக்காதீங்க, வேற ஆள் கொடுங்கன்னு அதே குழுவுக்கு எழுதிக் கொடுங்க.